2147483647: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணிதமும் நிரலாக்கமும் கற்பிக்கும் வகுப்புகளில் இந்த ஒரே எண்ணைப் பற்றிய ஐயங்கள் வெவ்வேறு வாயிலிருந்து மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்தன. கணினியில் ஏதோ பிழை என்று கேட்டவர்களும் உண்டு. பகா எண்களின் மீதுள்ள ஆசையால் கேட்டவர்களும் உண்டு. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எளியவை முன்னும் கடினமானவை பின்னுமாக அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது? இது எங்கிருந்து வருகிறது?

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு என்று வாசிக்க வேண்டும். இரண்டை முப்பத்தொரு முறை எழுதிப் பெருக்கினால் 2147483648 கிடைக்கும். அதிலிருந்து ஒன்றைக் கழித்தது இந்த எண். அதாவது 2³¹ − 1.

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பலகையில் முதல் முப்பத்தொரு கட்டங்களில் மட்டும் சேரும் நெல்மணிகளின் மொத்தம் மிகச் சரியாக 2147483647 ஆகும்.

இரும எண் முறையில் எழுதினால் இது தொடர்ந்து வரும் முப்பத்தொரு ஒன்றுகள். இடையில் ஒரு பூச்சியம்கூடக் கிடையாது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த வடிவத்திலிருந்தே பிறக்கின்றன என்பதால், இதை இப்போதே மனத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது. சில பண்புகள் இந்த வடிவத்தால் கட்டாயமாக வருபவை. சில, இந்த எண் பகா எண்ணாக இருப்பதால் வருபவை. வேறு சில வெறும் தற்செயல். இம்மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தவறுவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் தோன்றுகின்றன என்பது என் அனுபவம்.

எங்கள் கடையின் தரவுத்தளத்தில் எல்லா வாடிக்கையாளர்களின் கைபேசி எண்ணும் 2147483647 என்றே பதிவாகியிருக்கிறது. யாராவது உள்ளே புகுந்து மாற்றிவிட்டார்களா?

யாரும் மாற்றவில்லை. கைபேசி எண்ணுக்கான பத்தியை 32 பிட் முழு எண்ணாக அமைத்திருப்பீர்கள் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஓர் இரும இலக்கம்). அவ்வகைப் பத்தியில் அடங்கக்கூடிய மிகப் பெரிய எண் 2147483647. இந்தியக் கைபேசி எண்கள் பத்து இலக்கம் கொண்டவை. 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்குபவை. ஆகவே அவற்றுள் மிகச் சிறியதுகூட 600 கோடிக்குக் குறையாது; எல்லையோ 214 கோடிச் சொச்சம். மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளங்களில் கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்தால், எல்லையைத் தாண்டிய எண்ணை அவை மறுப்பதில்லை. எல்லையிலேயே வெட்டி, அந்த எல்லை எண்ணைப் பதிந்துவிடுகின்றன. அதனால் எல்லோருக்கும் ஒரே எண் விழுந்திருக்கிறது.

இலங்கை எண்களில் சிக்கல் வேறு விதமாக வெளிப்படும். 07 என்று தொடங்கும் எண்ணை முழு எண்ணாகப் பதிந்தால் முன்னாலுள்ள பூச்சியம் உதிர்ந்துவிடும். எஞ்சும் ஒன்பது இலக்கங்கள் எல்லைக்குள் அடங்கிவிடுவதால் பிழை உடனே கண்ணில் படாது. தீர்வு இரு நாட்டுக்கும் ஒன்றுதான்: கைபேசி எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்பதால், அதை எண்ணாக அல்லாமல் எழுத்துச் சரமாகவே சேமிக்க வேண்டும். ஏற்கெனவே வெட்டுப்பட்ட எண்களை அந்தப் பத்தியிலிருந்து மீட்க வழியில்லை. வாடிக்கையாளர்களிடம் மறுபடியும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

32 பிட் என்றால் எல்லை 2³² − 1 ஆக அல்லவா இருக்க வேண்டும்? 31 எப்படி வந்தது?

32 பிட்டுகளால் 2³² வெவ்வேறு நிலைகளைக் காட்ட முடியும் என்பது உண்மை. குறை எண்களும் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், அந்த நிலைகளைப் பாதிப் பாதியாகப் பங்கிட வேண்டியிருக்கிறது. முதல் பிட் ஒன்றாக இருந்தால் குறை எண், பூச்சியமாக இருந்தால் குறையற்ற எண் என்பது வழக்கம். மிச்சமிருக்கும் 31 பிட்டுகளும் ஒன்றாக இருக்கும்போது கிடைப்பதுதான் நம் எண். கீழ் எல்லை −2147483648. பூச்சியமும் குறையற்ற பாதியில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வதால், மேல் எல்லை கீழ் எல்லையைவிட அளவில் ஒன்று குறைவாக அமைகிறது.

2147483647-உடன் ஒன்றைக் கூட்டினால் ஏன் திடீரென்று குறை எண் வருகிறது?

பழைய வாகனங்களில் ஓடிய தூரத்தைக் காட்டும் எண் சக்கரங்களை நினைத்துப் பாருங்கள். எல்லாம் 9 ஆனபின் இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு சக்கரமும் 0-க்குத் திரும்பி, முன்னாலுள்ள சக்கரத்தை ஒரு படி தள்ளும். இங்கே முப்பத்தொரு ஒன்றுகளும் பூச்சியமாகி, 32-ஆவது பிட்டில் ஒன்று ஏறுகிறது. அந்தப் பிட்தான் குறை எண்ணுக்கான அடையாளம் என்று முந்தைய பதிலில் பார்த்தோம். ஆகவே கணினி அதை −2147483648 என்று வாசிக்கிறது. கூட்டலில் தவறு எதுவும் நேரவில்லை; வாசிக்கும் முறைக்கு எல்லை முடிந்துவிட்டது, அவ்வளவுதான். (சில நிரல் மொழிகள் இவ்வாறு சுற்றி வருவதற்கு உறுதி தருவதில்லை என்பதை நிரல் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும்.)

2038-ஆம் ஆண்டு கணினிகள் நின்றுவிடும் என்பது இந்த எண்ணால்தானா?

ஆம், அந்தப் பேச்சுக்கு மூலம் இந்த எண்தான். யூனிக்ஸ் வழிவந்த கணினி அமைப்புகள், 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து (உலகப் பொது நேரப்படி) கடந்த நொடிகளை எண்ணி நேரத்தைக் கணக்கிடுகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்திருக்கும் அமைப்புகளில் அது 2147483647-ஐ எட்டும் கணம், 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, உலகப் பொது நேரம் காலை 3 மணி 14 நிமிடம் 7 நொடி. இந்தியாவிலும் இலங்கையிலும் அப்போது காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. அடுத்த நொடியில் எண்ணிக்கை குறை எண்ணாகச் சுற்றினால், அக்கருவி உலகப் பொது நேரப்படி 1901 டிசம்பர் 13 என்று தேதி காட்டும்.

கணக்கை நீங்களே சரிபார்க்கலாம்: ஒரு நாளுக்கு 86,400 நொடிகள், 2147483647-ஐ அதனால் வகுத்தால் 24,855 நாட்களும் 11,647 நொடிகளும் கிடைக்கும், அந்த 11,647 நொடிகள்தாம் 3 மணி 14 நிமிடம் 7 நொடி. நேரத்தை 64 பிட்டில் வைத்திருக்கும் இன்றைய கணினிகளுக்கு இதனால் தொல்லை இல்லை. நீண்ட காலம் மாற்றப்படாமல் இயங்கும் சிறு கட்டுப்பாட்டுக் கருவிகளிலும், தேதியை 32 பிட்டில் எழுதும் பழைய கோப்பு வடிவங்களிலும்தான் கவனம் தேவை.

2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் எப்போதும் பகா எண்தான் வருமா?

வராது. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் நிச்சயமாகப் பகு எண்ணே. முதல் பதிலில் சொன்ன வடிவத்தைக் கொண்டு இதைக் கண்ணாலேயே காணலாம். 2⁶ − 1 என்பது இரும முறையில் 111111. ஆறு ஒன்றுகளை மூன்று மூன்றாகக் கட்டினால் அது 111 × 1001. இரண்டிரண்டாகக் கட்டினால் 11 × 10101. பதின்ம முறையில் 63 = 7 × 9 = 3 × 21. ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சம கட்டுகளாகப் பிரிக்க முடிகிற ஒவ்வொரு வழியும் ஒரு காரணியைக் கொடுத்துவிடுகிறது. முப்பத்தொன்றை அப்படிக் கட்ட முடியாது, ஏனென்றால் 31 ஒரு பகா எண்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 11 பகா எண்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. அதேபோல் 2²³ − 1 = 8388607 = 47 × 178481; 2²⁹ − 1 = 536870911 = 233 × 1103 × 2089. ஆகவே 31 ஒன்றுகள் பகா எண்ணாக அமைந்ததை வடிவத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. அதைத் தனியே நிறுவியாக வேண்டும். இவ்வகைப் பகா எண்களை, 1644-இல் அவற்றின் பட்டியல் ஒன்றை வெளியிட்ட பிரெஞ்சுத் துறவி மாரன் மெர்சென்னின் பெயரால் மெர்சென் பகா எண்கள் என்கிறோம். அவர் பட்டியலில் 31 சரியாகவே இடம்பெற்றிருந்தது. 67, 257 ஆகியவை தவறாக நுழைந்திருந்தன. 61, 89, 107 ஆகியவை விடுபட்டிருந்தன.

பகா எண் என்பதால்தான் கணினி வடிவமைத்தவர்கள் இதை எல்லையாகத் தேர்ந்தெடுத்தார்களா?

இல்லை. எல்லையை முடிவு செய்தது பிட்டுகளின் எண்ணிக்கை. அது பகா எண்ணாக அமைந்தது தற்செயல். 8 பிட்டின் எல்லையான 127-உம் பகா எண்தான். ஆனால் 16 பிட்டின் எல்லை 32767 = 7 × 31 × 151. 64 பிட்டின் எல்லையான 9223372036854775807 என்பது 2⁶³ − 1. 63 பகு எண் என்பதால் முந்தைய பதிலின்படி அதுவும் பகு எண். 7-ஆல் இருமுறை வகுபடும்.

இது பகா எண் என்று முதலில் நிறுவியவர் யார்? கணினி இல்லாத காலத்தில் எப்படி முடிந்தது?

நிறுவியவர் லியோனார்டு ஆய்லர். 1772-இல் பெர்லினில் இருந்த யோகான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் இதை அறிவித்தார். அப்போது அவர் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். வயது அறுபத்தைந்தை நெருங்கியிருந்தது அல்லது தொட்டிருந்தது. பார்வை ஏறக்குறைய முழுவதுமாகப் போயிருந்தது. அந்த நிலையில் பத்து இலக்க எண்ணொன்றின் தலையெழுத்தை அவர் தீர்த்து வைத்தார் என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இத்தாலியரான கட்டால்டி 1588-இல் இம்முறையில் 2¹⁹ − 1 = 524287 பகா எண் என்று காட்டினார்; அதற்கு 724 வரை போனால் போதுமாயிருந்தது. நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றே தாண்டும். அதற்குட்பட்ட பகா எண்கள் ஏறத்தாழ 4,800. அத்தனை வகுத்தல்களையும் கையால் செய்வது ஒருவரைச் சலிப்பாலேயே வீழ்த்திவிடும். ஆய்லரோ, இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஏதேனும் இருந்தால் அது 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தருவதாகவே இருக்க வேண்டும் என்று முதலில் காட்டினார். 46,340-க்குள் அப்படிப்பட்ட எண்கள் 372 மட்டுமே. அவற்றிலும் 249 (3 × 83), 497 (7 × 71), 559 (13 × 43) போன்ற பகு எண்களை நீக்கிவிட்டால் நூற்றுக்கும் குறைவானவையே எஞ்சும். முதலில் வருபவை 311, 1303, 1489. நம் எண்ணை 311-ஆல் வகுத்தால் மீதி 35. இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்து, எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை என்று அவர் முடித்தார்.

அந்த 248 எங்கிருந்து வந்தது? மந்திரம்போல் இருக்கிறதே.

இந்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பொறுமையாகப் படித்தால் பள்ளிக் கணிதமே போதும். நம் எண்ணை மீதியின்றி வகுக்கும் ஒரு பகா எண் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதை 'ப' என்று அழைப்போம். அப்படியானால் 2³¹-ஐ ப-ஆல் வகுத்தால் மீதி 1. 2, 4, 8, 16 என்று அடுக்குகளை ஏற்றிக்கொண்டே போகும்போது மீதிகள் ஒரு சுழற்சியில் திரும்பத் திரும்ப வரும். மீதி மறுபடியும் 1 ஆவதற்கு எடுக்கும் படிகளின் எண்ணிக்கையே சுழற்சியின் நீளம். அந்த நீளம் 31-ஐ வகுக்க வேண்டும். 31 பகா எண். நீளம் 1 ஆக இருக்க முடியாது. ஆகவே நீளம் சரியாக 31. மறுபுறம், பெர்மாவின் சிறு தேற்றப்படி ப − 1 படிகளுக்குப் பின்னும் மீதி 1 ஆக வேண்டும். எனவே 31 ஆனது ப − 1-ஐ வகுக்கும். ப ஒற்றைப்படை எண் என்பதால் ப − 1 இரட்டைப்படை; ஆகவே 62-உம் அதை வகுக்கும்.

இது பாதி வழி. இன்னொரு பாதிக்கு, 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2 என்பதைக் கவனியுங்கள். 2³² என்பது 65536-இன் வர்க்கம். அதாவது ப-ஆல் வகுக்கும் உலகத்தில் 2 ஒரு வர்க்க எண்ணாக இருக்கிறது. அப்படி இருக்க வேண்டுமானால் ப-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்க முடியும். இது எண் கணிதத்தில் நன்கு தெரிந்த ஒரு தேற்றம். 62-ஆல் வகுத்தால் மீதி 1, 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 என்ற இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், 62-க்கும் 8-க்கும் மீச்சிறு பொது மடங்கான 248 வருகிறது. மீதிகள் 1, 63 என்று அமைகின்றன.

நானே வீட்டில் சரிபார்க்க விரும்புகிறேன். ஆய்லரைவிடக் குறுக்கு வழி உண்டா?

உண்டு. பிரெஞ்சுக் கணிதரான எத்துவார் லூக்கா 19-ஆம் நூற்றாண்டில் கண்டு, பின்னர் அமெரிக்கரான லேமர் செம்மைப்படுத்திய சோதனை மெர்சென் எண்களுக்கென்றே அமைந்தது. 4-இல் தொடங்குங்கள். அதன் வர்க்கத்திலிருந்து 2-ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுங்கள். மீதியை வைத்து இதையே மறுபடியும் செய்யுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை செய்தபின் பூச்சியம் வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். சிறிய எடுத்துக்காட்டாக 31 = 2⁵ − 1 என்பதை எடுத்துக்கொண்டால் மூன்று படிகள்: 4-இலிருந்து 14; அதிலிருந்து 194, மீதி 8; அதிலிருந்து 62, மீதி 0. ஆகவே 31 பகா எண்.

நம் எண்ணுக்கு 29 படிகள். முதலில் வருபவை 14, 194, 37634, 1416317954. அதன் பிறகுதான் வகுத்தலே தேவைப்படுகிறது. ஒரு தாளும் சாதாரணக் கணிப்பானும் வைத்துக்கொண்டு ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். கடைசிக்கு முந்தைய படியில் வந்தாக வேண்டிய எண்ணையும் முன்கூட்டியே சொல்ல முடியும்: அதன் வர்க்கத்தின் மீதி 2 ஆக இருந்தால்தான் அடுத்தது பூச்சியமாகும், முந்தைய பதிலில் பார்த்தபடி 65536-இன் வர்க்கத்துக்கு அந்த மீதி உண்டு. ஆகவே அங்கே 65536 அல்லது 2147483647 − 65536 = 2147418111 வர வேண்டும். வேறு எது வந்தாலும் எங்கோ கணக்குப் பிசகிவிட்டது என்று பொருள்.

'நிறைவெண்' என்பதோடு இதற்கு என்ன உறவு?

தன்னைத் தவிர்த்த எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகையும் தானாகவே இருக்கும் எண் நிறைவெண்: 6 = 1 + 2 + 3; 28 = 1 + 2 + 4 + 7 + 14. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைக் கொடுக்கும் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டைப்படை நிறைவெண் எதுவும் இவ்வழி தவிர வேறு வழியில் வராது என்று ஆய்லர் காட்டினார். நம் எண்ணை 2³⁰-ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண்ணான 2305843008139952128 கிடைக்கும். இதே எண்ணை இன்னொரு வழியிலும் பெறலாம்: 1 + 2 + 3 + … என்று தொடங்கி 2147483647 வரை கூட்டினால் வரும் தொகையும் அதுவே.

1811-இல் ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ, இதுவே மனிதர் காணப்போகும் மிகப் பெரிய நிறைவெண் என்றும், பயனற்ற வெறும் விந்தை என்பதால் இதற்கு மேல் தேட யாரும் முனையமாட்டார்கள் என்றும் எழுதினார். 1876-இலேயே லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டி அந்த எல்லையைத் தாண்டிவிட்டார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற மெர்சென் பகா எண்ணுக்கு 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள். எண்களின் மீது மனிதருக்குள்ள ஆசையைப் பார்லோ மிகவும் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்.

இலக்கங்களைக் கூட்டினால் 46, அதைக் கூட்டினால் 10, பிறகு 1. எண்ணில் 0, 5, 9 இல்லவே இல்லை. இதற்கெல்லாம் பொருள் உண்டா?

கவனித்தது சரி; ஆனால் பொருள் இல்லை. பதின்ம இலக்கங்கள் நாம் பத்துப் பத்தாக எண்ணும் வழக்கத்தால் வருபவை. எட்டு எட்டாக எண்ணினால் இதே எண் 17777777777 என்றும், நான்கு நான்காக எண்ணினால் ஒரு 1-உம் அதையடுத்துப் பதினைந்து 3-களும் என்றும் எழுதப்படும். எழுதும் முறையை மாற்றினால் மறைந்துவிடும் பண்பு எண்ணின் பண்பாகாது; பகா எண்ணாக இருப்பதோ எந்த முறையில் எழுதினாலும் மாறாது.

கடைசி இலக்கம் 7 என்பதற்கு மட்டும் எளிய காரணம் உண்டு. 2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கங்கள் 2, 4, 8, 6 என்று சுழல்கின்றன. 31-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. ஆகவே 2³¹ எட்டில் முடிகிறது. ஒன்று கழிய ஏழு.

இவ்வளவு பெரிய எண்ணால் வகுத்து மீதி காண்பது எளிது என்கிறார்களே, எப்படி?

ஓர் எண்ணை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியைக் காண, வகுக்காமலே இலக்கங்களைக் கூட்டிப் பார்ப்பது நமக்குப் பழக்கம். 10-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 1 என்பதே அதன் காரணம். இங்கே 2³¹-ஐ நம் எண்ணால் வகுத்தால் மீதி 1. ஆகவே எந்த எண்ணையும் 31 பிட்டுகளுக்கு ஒரு துண்டாக வெட்டித் துண்டுகளைக் கூட்டினால் போதும். எடுத்துக்காட்டாக ஆயிரம் கோடி என்பது 4 × 2³¹ + 1410065408, துண்டுகள் 4-உம் 1410065408-உம், கூட்டினால் 1410065412. அதுவே மீதி. கணினிக்கு வெட்டுவதும் கூட்டுவதும் மிக மலிவான வேலைகள். வகுத்தல்தான் செலவு மிக்கது.

சமவாய்ப்பு எண்களை உருவாக்க இதைப் பயன்படுத்துவது ஏன்?

இங்கேதான் அளவும் பகாத்தன்மையும் ஒரே இடத்தில் பயன் தருகின்றன. ஓர் எண்ணை எடுத்து, 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள்வது, அதையே தொடர்வது. 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று பார்வைக்கு ஒழுங்கற்ற வரிசை வரும். 1988-இல் பார்க், மில்லர் இருவரும் இதைக் குறைந்தபட்சத் தரமாக முன்மொழிந்தார்கள். சி++ மொழியின் நூலகத்தில் இன்றும் இது இருக்கிறது. நிரலைச் சரிபார்க்க விரும்புவோருக்கு: 1-இல் தொடங்கிப் பத்தாயிரம் முறை செய்தபின் 1043618065 வர வேண்டும்.

வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதால், தகுந்த பெருக்கியைத் தேர்ந்தெடுத்தால் 1 முதல் 2147483646 வரையுள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒருமுறை தோன்றிய பிறகே சுழற்சி தொடக்கத்துக்குத் திரும்பும். 7 அத்தகைய பெருக்கி. 16807 என்பது 7⁵; 2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331 என்ற பிரிப்பில் 5 இல்லாததால், 7-க்கு உள்ள அந்தத் தகுதி 7⁵-க்கும் தொடர்கிறது. இந்த வரிசையில் ஓர் எண் தெரிந்தால் அடுத்தவை அனைத்தும் தெரிந்துவிடும். ஆகவே கடவுச்சொல்லுக்கோ குலுக்கலுக்கோ இதைப் பயன்படுத்தவே கூடாது.

ஹனோய் கோபுரப் புதிருக்கும் 2038-க்கும் தொடர்பு உண்டு என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

எண்ணளவில் உண்மை. மூன்று கம்பங்கள், ஒன்றில் அளவு வரிசையில் அடுக்கிய தட்டுகள். அவை அனைத்தையும் வேறொரு கம்பத்துக்கு மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு தட்டையே நகர்த்தலாம். சிறியதன்மேல் பெரியதை வைக்கக் கூடாது. தட்டு ஒன்று கூடினால் தேவையான நகர்வுகள் இரட்டித்து ஒன்று கூடும்: 1, 3, 7, 15, 31 என்று. இரும முறையில் அது வலப்பக்கம் இன்னோர் ஒன்றைச் சேர்ப்பதுதான். ஆகவே 31 தட்டுகளுக்குக் குறைந்தது 2147483647 நகர்வுகள் வேண்டும். உலகப் பொது நேரப்படி 1970 பிறந்த கணத்தில் தொடங்கி நொடிக்கு ஒரு தட்டாக ஓய்வின்றி நகர்த்தினால், முன்பு சொன்ன அந்த 2038 ஜனவரிக் காலையில் 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்குக் கடைசித் தட்டு வந்து அமரும். 1883-இல் இந்தப் புதிரை உருவாக்கியவர், மேலே சோதனைக்காகக் குறிப்பிட்ட அதே லூக்காதான்.

இன்னும் ஓர் ஒன்றைச் சேர்த்து 32 ஒன்றுகள் ஆக்கினால் என்ன நடக்கும்?

சிதறிவிடும். 2³² − 1 = 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. 32-ஐப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டே போக முடிவதால் இத்தனை காரணிகள். 2-இன் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகும் அடுக்குகளுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் பகா எண்களைப் பெர்மா பகா எண்கள் என்பர்; இந்த ஐந்தும் இதுவரை தெரிந்துள்ள அத்தகைய எண்கள் அனைத்தும் ஆகும். அதனால், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று தெரிந்துள்ள ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணங்களுள் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள். அதற்கு இரண்டு தள்ளி இருக்கும் 2³² + 1 = 4294967297 பகா எண் என்று பெர்மா நம்பினார்; 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்தார்.

நம் எண்ணின் அண்டை எண்களில், இரண்டு கழித்த 2147483645 ஐந்தால் வகுபடும். இரண்டு கூட்டிய 2147483649 மூன்றால் வகுபடும். எனவே இது இரட்டைப் பகா எண் இணை எதிலும் சேராது. ஆனால் 2147483649-ஐ மூன்றால் வகுத்தால் வரும் 715827883 பகா எண்.

31 = 2⁵ − 1; நம் எண் 2³¹ − 1. அப்படியே தொடர்ந்து 2-இன் 2147483647-ஆவது அடுக்கில் ஒன்றைக் கழித்தால் அதுவும் பகா எண்ணா?

கேட்பதற்கே அழகான கேள்வி. 2-இலிருந்து தொடங்கும் சங்கிலி 3, 7, 127, 2¹²⁷ − 1 என்று நான்கு படிகளும் பகா எண்களாகவே ஏறுகிறது. 5-இலிருந்து தொடங்கினால் 31, 2147483647 என்று இரண்டு படிகள் ஏறுகின்றன. மூன்றாவது படியில் அறுந்துவிடுகிறது. அந்த எண்ணைப் பதின்ம முறையில் எழுத 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். ஆயினும் அதன் ஒரு காரணி நமக்குத் தெரியும்: 295257526626031.

248 பற்றிய பதிலில் பயன்படுத்திய வாதத்தை இங்கே வைத்தால், காரணி எதுவாயினும் 2 × 2147483647-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவும், 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 மீதி தருவதாகவும் இருக்க வேண்டும். மேற்கண்ட எண் 2 × 68745 × 2147483647 + 1. 8-ஆல் வகுத்தால் மீதி 7. அது உண்மையிலேயே வகுக்கிறதா என்று பார்க்க 64 கோடி இலக்கங்களையும் எழுத வேண்டியதில்லை. 2-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, இரட்டித்து, 295257526626031-ஆல் வகுத்து மீதியை எடுப்பது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றும் அடுக்கின் வலப்பக்கத்தில் ஓர் ஒன்றைச் சேர்க்கிறது. அடுக்கு முப்பத்தொரு ஒன்றுகளால் ஆனது என்பதால் முப்பது சுற்றுகள் போதும். முடிவில் மீதி 1 என்று வந்து நிற்கும்.